பன்னிரண்டு மணி அறிவிப்பு

மதியம் பன்னிரண்டானால் எங்கள் சலூனில் எல்லா டிரையரையும் நிறுத்திவிடுவோம். ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசிக்கிற நேரம். பிரெஞ்சு பேசும் இந்தக் குவாதலூப் தீவில் அந்தச் சமயத்தில் வாயைத் திறக்கிறவளை யாரும் மன்னிப்பதில்லை.

என்னோடு வேலை செய்யும் யோகாஸ்தா பிரெஞ்சு கேட்கப் பழகியது இதை வைத்துத்தான். என்னைப் போலவே ஸ்பானிஷ் பேசும் தொமினிக்கன் நாட்டுக்காரி. வந்த புதிதில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து விழிப்பாள். மாலை வகுப்பு டீச்சர், தினமும் ஒரே மாதிரி பேசப்படும் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள் என்றாராம். இதைவிட ஒரே மாதிரியானது எது? செத்தவர் பெயர், வயது, ஊர், அப்புறம் துக்கப்படும் உறவுகள் ஒவ்வொருவராக, கடைசியில் சர்ச்சில் அடக்கப் பூசை நேரம். முதலில் பெயர்கள் மட்டும் பிடிபட்டன. பிறகு மகன், மருமகள், ஞானஸ்நானத்தில் ஏற்றுக்கொண்ட ஞானப்பிள்ளை.

"அவளவ காதலுக்காக பிரெஞ்சு கத்துக்கிறா, நீ சாவுக்காகக் கத்துக்கிறியாடி?" என்பேன்.

"என் ஆளு வேகமாப் பேசுறாரு அக்கா. ரேடியோக்காரர்தான் நிறுத்தி நிதானமாச் சொல்றாரு."

அவள் ஆள் ஃபுல்பெர், பஸ் டிரைவர். ஆறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன திங்கள்கிழமை நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்தார். அறிவிப்புக் கொடுக்கும் பொறுப்பு அவருடைய அக்கா லியோனிஸுக்கு. யோகாஸ்தாவை, "குடியுரிமைப் பேப்பருக்காக ஒட்டிக்கிட்டவ" என்று தன் வீட்டு வாசற்படி மிதிக்க விடாதவள். யோகாஸ்தா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உறவுக்காரங்களோட என் பேரையும் சொல்லச் சொல்லுங்க." லியோனிஸ் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் ரேடியோ முன்னால் நின்றோம். அம்மா, அக்கா, தம்பிகள், ஞானப்பிள்ளைகள், பக்கத்து வீட்டார், பஸ் டிப்போ நண்பர்கள் வரை வந்துவிட்டது. ரேடியோவை அணைக்கப் போனேன். யோகாஸ்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அக்கா. பூசை நேரம் இன்னும் வரல."

முடிந்ததும், "வேகமா வாசிச்சுட்டான்டி, உன் பேரு காதுல விழுந்திருக்காது" என்று சமாளித்தேன்.

"எல்லாம் விழுந்துச்சு. நான்தான் இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து ரேடியோ நிலையத்துக்கே அடித்தாள். கட்டணம் கட்டினால் யாரும் அறிவிப்புக் கொடுக்கலாம். ஃபுல்பெர் பெயர், வயது, ஊர் என்று வரிசை பிசகாமல் பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"துக்கப்படுறவங்களா? ஒருத்திதான்," என்றாள். "அவரோட துணைவி. என் பேரை எழுதிக்குங்க."