நாக்குக்கு அடியில் நாலு சொட்டு

பாபநாசம் என்கிற எங்கள் பெரியப்பா பிரஷர் மெஷின் வாங்கிய நாளிலிருந்து குடும்பத்தில் ஆரோக்கியமான ஆளே கிடையாது. கூட்டுறவுச் சங்கங்களில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். தப்புக் கண்டுபிடிக்க ஆள் கிடைக்காமல் கை அரித்திருக்கும் போல. மதுரைக்குப் போய், பாதரசம் ஏறி இறங்குகிற மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். காலையில் குறுக்குத்துறை ஆற்றில் முழுகிவிட்டு, நெற்றி நிறையத் திருநீறும் கக்கத்தில் அந்தப் பெட்டியுமாகச் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக வருவார். கையை நீட்டாதவர்கள் மரியாதை தெரியாதவர்கள். நீட்டியவர்கள் நோயாளிகள்.

சட்டைப் பையில் குளிகை அட்டை ஒன்றும் ஊக்கு ஒன்றும் எப்போதும் இருக்கும். குளிகையை ஊக்கால் குத்தி, உள்ளே இருக்கிற மருந்தை நாக்குக்கு அடியில் நாலு சொட்டு பிதுக்கினால் சிறிது நேரத்தில் பிரஷர் மளமளவென்று இறங்கிவிடும். அந்தத் தொண்ணூறுகளில் டாக்டர்களே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இவரும் கற்றுக்கொண்டார். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள அவருக்குப் பொறுமை இல்லை.

என் அப்பா கோமதிசங்கர் அவருக்குத் தம்பி. பள்ளிக்கூட வாத்தியார். எனக்குக் கல்யாணம் பேசி முடித்த ஐப்பசியில் அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணி, பேச்சுக் குழறி, கை தொங்கிவிட்டது. நான்தான் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"மூளைக்குப் போற குழாய் கழுத்தில ரெண்டு பக்கமும் இருக்கு. ஒண்ணு முழுசா அடைஞ்சு போச்சு. மற்றதும் முக்கால்வாசி சுருங்கியாச்சு. அந்த இடுக்கு வழியா ரத்தம் மேல ஏறணும்னா பின்னால இருந்து தள்ளுற வேகம் வேணும். நூத்தி அறுபது, எழுபது இருந்தா பயப்பட வேண்டாம். சட்டுனு இறக்கினா இன்னொரு தடவை வரும். மாசியில ஆபரேஷன் பண்ணலாம். அதுக்கு அப்புறம் மெதுவா இறக்கலாம்."

இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? மாடியில் தண்ணீர் ஏறவில்லை என்று மோட்டார் போடுகிற எவருக்கும் புரியும். பெரியப்பாவுக்கு மட்டும் புரியவில்லை.

"நூத்தி இருவது எம்பதுன்னு உலகம் பூரா சொல்லுதான். அவ ஒருத்தி மாத்திச் சொல்லுதா, நீயும் கேட்டுக்கிட்டு வந்து நிக்கே."

"ஸ்கேன் பாத்துட்டுத்தான சொன்னாங்க பெரியப்பா."

"நான் எத்தனை பேருக்குப் பிரஷரை இறக்கியிருக்கேன் தெரியுமாட்டி? பி.காம். படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிருமோ?"

அவரும் படித்தது பி.காம்.தான்.

அப்பாவுக்கு அந்த மாதங்களில் ஒரே ஆசை. தாரை வார்க்கும்போது என் கையைத் தன் வலது கையால் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காகப் படாத பாடு பட்டார். துணிப் பந்தைக் கசக்கினார். செம்பைத் தூக்கிப் பழகினார், நாலு தடவை காலில் போட்டுக்கொண்டார். சாயங்காலமானால் என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்துப் பார்ப்பார். "பிடி இருக்கா விஜி?" என்று குழறிக் கேட்பார். முதலில் இருக்கு என்று பொய் சொன்னேன். மார்கழி முடிவதற்குள் அது நிஜமாகிவிட்டது. வாழ்க்கையில் நான் யாரையாவது வியந்து பார்த்தேன் என்றால் அந்த மூன்று மாதம் அப்பாவைத்தான்.

தை மாதம் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை மகேஷ், வள்ளியூர்க்காரர், பேங்க் வேலை. பார்க்க லட்சணமாக இருப்பார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குத் தெரியும், ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை.

பெண்ணைக் கொடுக்கிறவர் தாரை முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவுக்காவது இரண்டு இட்லி கொடுங்கள் என்று முந்தின நாளே கெஞ்சினேன். அம்மா கோமு, பெரியப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் இட்லி வேண்டாம் என்றது. எங்கள் வீட்டில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

கல்யாணத்தன்றும் அவர் பெட்டியோடுதான் வந்தார். முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு, மணமகள் அறைக்கு வெளியே அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்றி எண்பது. பெண்ணைக் கொடுக்கிற தகப்பனுக்கு, வெறும் வயிற்றில், மேளச் சத்தத்தில் வேறு எவ்வளவு இருக்கும்? அவர் அதைக் குரலை உயர்த்திச் சொன்னார். சபைக்குக் கேட்க வேண்டுமே.

மகேஷின் அம்மா சித்ரலேகாவுக்குக் கேட்டுவிட்டது. "மணையில விழுந்து வச்சாருன்னா அபசகுனமால்லா போயிரும். ஏதாவது செய்யுங்க அண்ணாச்சி" என்றாள்.

அண்ணாச்சி ஊக்கை எடுத்துவிட்டார்.

நான் கூறைச் சேலையோடு வாசலுக்கு ஓடிவந்தேன். அத்தைமார் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், மணப்பெண் முகூர்த்தத்துக்கு முன்னால் வெளியே வரக் கூடாதாம்.

"அப்பா, வாயைத் தொறக்காதீங்க. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"ஏலே சங்கரு, சபை காத்துக்கிட்டு இருக்கு. தொற" என்றார் பெரியப்பா.

அப்பா வாயைத் திறந்தார். ஐம்பத்தாறு வயது, இரண்டு தலைமுறைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர், அண்ணன் சொன்னதும் சின்னப் பையன் மாதிரி நாக்கைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்பாமீது ஆத்திரம் வந்த ஒரே தருணம் அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். நூற்றிப் பத்து. பெரியப்பா மெஷினை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார். "பாத்தியளா, நம்ம கைவைத்தியம்" என்றார். நாலைந்து பேர் தலையாட்டி ரசித்தார்கள். சித்ரலேகாகூடச் சிரித்தாள். அப்பா மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், கண் சொருகியது. தூக்கம் கெட்டிருக்கும் என்று சொல்லிக் கைத்தாங்கலாக மணவறைக்குக் கொண்டுவந்தார்கள்.

தாரைக்கு என் கையை நீட்டினேன். அப்பா வலது கையால் பிடித்தார். நல்ல பிடி. அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விட ஆரம்பித்தாள். மந்திரம் முடியவில்லை, அப்பாவின் சுண்டு விரல் தளர்ந்தது. பிறகு அடுத்த விரல். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், அது என் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. மூன்று மாதம் கஷ்டப்பட்டுச் சேர்த்ததெல்லாம் என் உள்ளங்கையிலிருந்து நழுவிப் போனது.

"அப்பாவுக்குக் கை போவுது. நிறுத்துங்க" என்றேன்.

பெரியப்பா கேட்டார். கேட்டுவிட்டு மேளக்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டினார். கெட்டிமேளம் கொட்டியது. கெட்ட வார்த்தை எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகக் கொட்டுகிற மேளம். அன்றைக்கு அந்தக் கெட்ட வார்த்தை நான் சொன்னதுதான். தொங்கிக் கிடந்த அப்பாவின் கைக்குக் கீழே பெரியப்பா தன் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், நடக்கட்டும்" என்றார்.

நான் கையை உருவிக்கொண்டேன். அப்பா பக்கவாட்டில் சாய்ந்தார். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு மணவறையிலேயே அவரைப் படுக்கவைத்தேன். வாயைத் திறந்தார், சத்தம்தான் வந்தது. சித்ரலேகா குனிந்து, "தாலிய மட்டும் கட்டிரட்டும். பிறகு கொண்டு போயிரலாம்" என்றாள். மகேஷ் நீட்டிய கையை இன்னும் மடக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கையால் அப்பாவின் ஒரு காலையாவது தூக்கியிருக்கலாம்.

சமையல்காரர்கள் இரண்டு பேர்தான் வந்து அப்பாவைக் காருக்குத் தூக்கினார்கள். முன் சீட்டில் பெரியப்பா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி. "வழியில ஒரு தடவை பாத்துக்கிடலாம்" என்றார்.

"இறங்குங்க" என்றேன்.

"என்னட்டி சொல்லுதே?"

"உங்களைத்தான் சொல்லுதேன். இறங்குங்க."

இறங்கினார். எங்கள் குடும்பத்தில் அவரிடம் அப்படிப் பேசியவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வேதநாயகம் என்று ஒரு இளம் டாக்டர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தலைமாட்டைத் தாழ்த்திப் படுக்கவைத்துக் குளுகோஸ் இல்லாத உப்புத் தண்ணீர் ஏற்றினார். "பிரஷர் மேல வரணும். நூத்தி அறுபதாவது வேணும்" என்றார். மறுநாள் கால் கொஞ்சம் அசைந்தது. பேச்சு வரவில்லை. வலது கை, இனி வராது என்று அவர் பூசி மெழுகாமல் சொன்னார்.

மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார், கூடவே சித்ரலேகாவும் மகேஷும். தான் பிரஷரை இறக்காவிட்டால் அன்றைக்கே தலை வெடித்திருக்கும் என்று பெரியப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அவர்களும் நம்பியிருந்தார்கள். கோயிலில் சுருக்கமாகத் தாலி கட்டிவிடலாம், தாரையைத் தகப்பன் ஸ்தானத்தில் அண்ணாச்சியே வார்த்துக் கொடுக்கட்டும் என்பது அவர்கள் முடிவு. அப்பா கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இடது கையை மெல்ல நகர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அப்பாதான் வார்ப்பாங்க" என்றேன்.

"இடது கையாலயா?" என்றாள் சித்ரலேகா. முகத்தைச் சுளித்தாள்.

"அவங்களுக்கு இருக்குதது அந்தக் கைதான். அது போதும்னா தேதி சொல்லுங்க."

மகேஷ் அம்மாவைப் பார்த்தார். யோசித்துச் சொல்லுகிறோம் என்று எழுந்து போனார்கள். பெரியப்பா வாசலில் நின்று, பெட்டைப் பிள்ளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் யோசித்து முடிக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகேஷுக்காகக் காத்துக்கிடந்தேன் என்று சொந்தத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. நான் காத்துக்கிடந்தது உண்மைதான். அப்பாவின் பிரஷர் நூற்றி அறுபதைத் தொடுவதற்குக் காத்துக்கிடந்தேன்.