நான்காவது கார்

மெக்கானிக்குக் கார் வைத்தியம் அத்துப்படி. ஆனால் மனதில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாது. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பிசியோதெரபி பயிற்சி கொடுக்கும் அவருடைய மருமகன், மழைக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கிவிட வேண்டும் என்று மூன்று கார் பார்த்தார். மூன்றையும் தட்டிக்கழித்தவர் மாமனார்தான். ஒன்றைப் பார்த்து, "தள்ளிக்கிட்டுப் போக ஆள் வச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று விற்பவர் முன்னாலேயே கேட்டார். மருமகன் முகம் சுண்டிப்போனது.

நான்காவது காரைப் பார்க்கக் கிளம்பியபோது மகள் வாசலில் நிறுத்தினாள்.

"அப்பா, இந்தத் தடவையும் நொட்டை சொல்லாதீங்க. அவர் வாயைத் திறக்கமாட்டார், ஆனா மனசு விட்டுப்போச்சு. இனிமே உங்ககிட்ட எதையும் கேக்கவே மாட்டார்."

அது சுருக்கென்று தைத்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மருமகன் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட உதவி இது ஒன்றுதான். மற்றபடி இருவருக்கும் இடையே பேச்சு "சாப்டீங்களா", "ஆச்சு" என்பதோடு சரி.

கார் பளபளவென்று நின்றது. விற்பவர் ஓய்வுபெற்ற அதிகாரி, இஸ்திரி கலையாத சட்டை. மெக்கானிக் இன்ஜினிலிருந்து ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு சுத்தம்!" என்றார் அதிகாரி.

நேற்று மாற்றினால் சுத்தமாகத்தானே இருக்கும். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார். முதல் இரண்டு வருஷம் முத்திரை மேல் முத்திரை, அப்புறம் நான்கு வருஷம் வெறும் பக்கங்கள்.

"அதெல்லாம் வெளியில மாத்திக்கிட்டேன். பில்லு எங்கேயோ கிடக்கு."

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி டார்ச் அடித்தார். உள்ளே தார் பூசினாற்போல் கறுப்புக் கசடு அப்பிக்கிடந்தது. வருஷக்கணக்கில் பழைய ஆயிலிலேயே ஓடிய இன்ஜின். இன்று ஓடும், அடுத்த மாதம் நடுரோட்டில் கையை விரிக்கும்.

சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டடி தள்ளி நின்ற மருமகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மூடியைப் போட்டார்.

"பரவால்ல மாப்பிள்ளை. எடுத்துக்கலாம்."

சொன்ன வாய் கசந்தது. நாமே ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

மருமகன், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று விடைபெற்றார். தெருமுனை வந்ததும் நின்றார்.

"மாமா, நேத்தே நான் வந்து அந்த மூடியைத் திறந்து பாத்தேன். மூணு கார்லயும் நீங்க முதல்ல அதைத்தான் திறந்தீங்க. உள்ள ஒரே கறுப்பு. நான் நினைச்சது சரிதானான்னு கேக்கத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

மெக்கானிக்குக் காது சூடானது. "உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"பட்டுச்சு, மூணு தடவையும். ஆனா தப்பிச்சோம்னு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன். எனக்கு இதமாப் பேச நிறையப் பேர் இருக்காங்க மாமா. இனி நீங்க ஒரு காரை நல்லாருக்குன்னு சொன்னா, நான் எப்படி நம்புறது?"

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.  மெக்கானிக் மருமகனின் கையைப் பிடித்து, வந்த வழியே திரும்பி விறுவிறுவென்று நடந்தார். அழைப்புமணி அடித்ததும் அதிகாரி சிரித்த முகமாய்க் கதவைத் திறந்தார்.

"சார், கொஞ்சம் முன்னாடி என் மாப்பிள்ளைகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."