அபூர்வத் தாவரத்துக்கு ஒரு மீன் விருந்து

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வரும் வெள்ளிக்கிழமை நண்பகலில் உலகத் தாவரவியல் வரலாறு நமது வுனிகாவு கிராமத்தில் திருத்தி எழுதப்படும். அனைவரும் குளித்துவிட்டு வரவும்.

மர முரசை அடித்து இப்படி அறிவித்தவர் ஊர்த்தலைவர் சகேயாசி. எந்தத் தாவரம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அது துவா. ஆள் உயரப் புதர். இலைக்காம்பின் இருபுறமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள், நுனியில் ஒற்றை இலை. வேரை நசுக்கி ஆற்றில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். துவாவிலேயே, எங்கள் ஊர் விதவை விலிமைனாவின் மலைச்சரிவில் நிற்கும் ஏழெட்டுச் செடிகள் மட்டும் தனி இனமாக இருக்கலாம் என்று தலைநகர் சுவாவிலிருந்து வந்து இலையைப் பார்த்த தாவரவியல் டாக்டர் அகனேட்டா சந்தேகப்பட்டிருந்தாள். பூவையும் காயையும் நேரில் பார்த்து அவள் வர்ணனை எழுதிவிட்டால் அந்தச் சரிவுக்கு வரவிருந்த கல் குவாரி நின்றுபோகும். விலிமைனாவின் மரவள்ளித் தோட்டம் அங்கேதான். அவள் புருஷனைப் புதைத்ததும் அங்கேதான்.

"மச்சான், எந்தச் செடின்னு ஊருக்குச் சொல்லிடேன்," என்றேன் சகேயாசியிடம், வியாழக்கிழமை.

"மீன் விருந்த வச்சுக்கிட்டு அந்தப் பேரச் சொல்லச் சொல்றியா? அப்புறம் ஆத்துல ஒரு குஞ்சு புரளுமா? இந்த வாயாலதான் நீ பொண்டாட்டிகிட்ட அடி வாங்குற."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மீன் பிடிப்பதற்கு முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் வேருக்கு வீரியம் போய்விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வேர் தோண்டப் போகிறவளை எங்கே போகிறாய் என்று கேட்கவும் கூடாது. வெள்ளி விடிந்ததும் என் மனைவி தோரிகா ஊர்ப் பெண்களோடு கூடையும் தோண்டுகழியுமாகக் கிளம்பினாள். நான் கேட்கவில்லை. வாய்வரை வந்ததைத் தேநீரோடு விழுங்கினேன். விலிமைனா, டாக்டரை அழைத்துவர முதல் நாளே நகரத்துக்குப் போயிருந்தாள்.

நண்பகலில் இருவரும் லாரியிலிருந்து இறங்கினார்கள். சகேயாசி முக்கால் மணி நேரம் பேசினார். அதில் தாவரம் இரண்டு முறையும் அவருடைய தாத்தா ஒன்பது முறையும் வந்தார்கள். கவா வேர்ப்பானம் குடித்தோம். தேங்காய்ப்பாலில் வெந்த மீன் வந்தது. டாக்டர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் என் பங்கைத் தொடவில்லை.

பிறகு எல்லோரும் சரிவில் ஏறினோம். அங்கே புதிதாகத் தோண்டிய குழிகள் இருந்தன.

விலிமைனா ஒவ்வொரு குழியாகப் போய்ப் பார்த்தாள். "யாருடி?"

"நாங்கதான்க்கா," என்றாள் தோரிகா. "உங்க செடி வேருலதான் பால் கெட்டியா வரும். நீங்கதான எப்பவும் எடுத்துக்கங்கடின்னு சொல்வீங்க? தாவர வரலாறுன்னதும் ஏதோ பெரிய பூச்செடியாக்கும்னு நெனச்சோம்."

"பூ, காய் எதாவது?" என்றாள் டாக்டர்.

"அடுப்புல வச்சிட்டோம்மா. தண்டு நல்லா எரிஞ்சுது. அந்த மீனே அதுலதான் வெந்துச்சு."

சகேயாசி தொண்டையைச் செருமினார். "எப்படியிருந்தாலும் இது ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க..."

"மச்சான், வாய மூடு," என்றேன். அதை வியாழக்கிழமையே சொல்லிவிட்டு, எந்தச் செடி என்று ஊருக்கும் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

விலிமைனா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்றேன், எழுதிக்கோம்மா. பூ வெள்ளையாத்தான் விரியும், பொழுது சாயறப்ப ஊதாவாயிடும். காய் பூனைக்குட்டி காது மாதிரி மெத்துனு இருக்கும். ஒரு காய்க்கு ஆறு விதை, சில சமயம் அஞ்சு. இருபது வருஷமாப் பாக்குறேன். எழுதிக்கோ."

டாக்டர் பேனாவைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"நான் பார்த்தாத்தான்க்கா எழுத முடியும்."

திங்கட்கிழமை குவாரி இயந்திரம் வந்தது.