நூற்று முப்பத்தெட்டு சதுர அடி

கவிப்ரியா காதலில் விழுந்துவிட்டாள் என்று ஷூ கம்பெனியின் குவாலிட்டி செக்‌ஷன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பேசாமல் என்ன செய்வார்கள்? சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறாள். பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள். தையல் ஒரு நூல் நெளிந்திருந்தாலும் ஜோடியைத் தூக்கி ரிஜெக்ட் கூடையில் போடுகிறவள், அந்த வாரம் முழுக்க ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. தையல் லைன்காரர்கள் பயந்தே போய்விட்டார்கள்.

பக்கத்து மேஜைக்காரி ஜஹீதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் எட்டிப் போனைப் பிடுங்கிவிட்டாள். படத்தில் மாப்பிள்ளை யாரும் இல்லை. புல்லின் மேல் விரித்துப் போட்ட பெரிய துணி ஒன்று. மாதுளம்பழச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் மஞ்சள்.

"இன்னாடி இது, ஷாமியானாவா?"

"கேனப்பி. என்னோடது. வாங்கிட்டேன்."

"இதுக்கா ஒரு வாரமா ஈன்னு இளிச்சுக்கினு இருக்கே? நான் வேற உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பாத்துக்கினு இருக்கேன்!"

கவிப்ரியா விமானத்திலிருந்து குதிக்கிறவள். பள்ளிகொண்டாவுக்கு அப்பால் ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. ஞாயிறுதோறும் அங்கே ஒரு சின்ன விமானம் வரும். ஒரு லோடுக்கு நாலு பேர் என்று ஏற்றிக்கொண்டு பத்தாயிரம் அடிக்குப் போகும். கதவில்லாத பக்கமாக ஒவ்வொருவராக விழுவார்கள். பாராசூட் என்று ஊரார் சொல்வதைக் குதிக்கிறவர்கள் கேனப்பி என்பார்கள். இதுவரை கவிப்ரியா நாற்பது சொச்சம் தடவை குதித்திருந்தாள், எல்லாம் கிளப்பின் வாடகைக் கேனப்பியில். அங்கே இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று நீலம். இன்னொன்று மங்கிப்போன மஞ்சள், ரொம்பப் பெரிசு. அதற்குப் 'பந்தல்' என்று பேர்.

கேனப்பியைச் சதுர அடியில்தான் சொல்வார்கள். பெரியது பஸ் மாதிரி, மெதுவாக இறங்கும். தப்பாக ஓட்டினால் திட்டு விழும். சின்னது பைக் மாதிரி, பறக்கும். தப்பாக ஓட்டினால் மாவுக்கட்டு. ராமலிங்கம் என்று ஒருவர் அவசரப்பட்டுச் சின்னதை வாங்கித் தரைக்குக் கிட்டத்தில் ஒரு திருப்பு திருப்பினார். இப்போது அவருடைய இரண்டு முட்டியிலும் ஸ்டீல். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இறங்குகிற எல்லோருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். அதற்கப்புறம் வந்ததுதான் பயிற்சியாளர் கங்காதரனின் சட்டம்: நூறு தடவை குதித்து முடிக்கிற வரைக்கும் நூற்று எழுபது சதுர அடிக்குக் கம்மியான கேனப்பியை யாரும் தொடக்கூடாது.

கவிப்ரியா வாங்கியது கை மாறிக் கை மாறி வந்த பழைய சரக்கு. அளவு போட்டிருந்த லேபிள் தேய்ந்து வெறும் துணியாகிவிட்டிருந்தது. விற்றவர் "நூத்தி எழுபது இருக்கும்மா" என்றார்.

"'இருக்கும்' எனக்கு வேணாம்," என்று கங்காதரன் போனில் சொல்லிவிட்டார். பட்டாளத்தில் குதித்துப் பழகியவர், சுருக்கமாகத்தான் பேசுவார். "எத்தனைன்னு அளந்து நம்பரை அனுப்பு. அப்பால பேசலாம்."

விமானத்துறையில் இதற்கு என்ன ஏற்பாடோ, ஆம்பூர்க்காரிகள் இரண்டு பேர் சதுர அடி என்ற வார்த்தையைக் கேட்டால் அவர்களுக்கு ஒன்றுதான் தோன்றும். தோல் விற்பதே சதுர அடிக் கணக்கில்தானே. ஜஹீதாவின் மாமா மக்பூல் அகமதுக்கு வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற டேனரி. அங்கே மாட்டுத்தோலை முழுசாக விட்டு அளக்கிற அகலமான மிஷின் ஒன்று உண்டு. தோல் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருவதற்குள் சதுர அடியைச் சொல்லிவிடும்.

"துணிதானே, ஓட்டிக்குங்க. மிஷின்ல நூல் கீல் மாட்டுச்சோ, ரெண்டு பேரையும் சுண்ணாம்புத் தொட்டியில போட்டுடுவேன்," என்று மாமா அனுமதி கொடுத்துவிட்டு லோடு அனுப்பப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் கேனப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு டேனரிக்குள் நுழைந்தார்கள். மிஷினில் தோல் விடுகிற முத்துமாரி கையுறையைக் கழற்றிவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ரெண்டு தட்டா இருக்குது? மேல ஒண்ணு கீழ ஒண்ணு. அப்ப வர்ற கணக்க ரெண்டால பெருக்கிக்கலாமா?"

கவிப்ரியாவுக்கு ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. "இல்லக்கா, ஒரு தட்டுதான் கணக்கு," என்றாள் மனசில்லாமல்.

கேனப்பியைக் காற்றுப் போகத் தட்டித் தட்டி மட்டமாக்கினார்கள். தொங்குகிற கயிறுகளைக் கொத்தாகச் சேர்த்து அதன் நடு வயிற்றிலேயே வைத்துக் கட்டினார்கள். ஒரு முனையை முத்துமாரியும் மறுமுனையை ஜஹீதாவும் பிடிக்க, சிவப்புத் துணி மிஷினுக்குள் மெல்லப் போயிற்று. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். "இது எந்த ஊர் மாடு?" என்றார் ஒருவர். "பறக்கிற மாடு," என்றார் இன்னொருவர்.

எண் எரிந்தது. நூற்று முப்பத்தெட்டு.

கவிப்ரியாவின் முகம் தொங்கிப்போயிற்று. அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. மிஷினை விட்டு எது வெளியே வந்தாலும் முத்துமாரியின் கை தானாகவே மார்க்கரைத் தேடும். கறுப்பு மார்க்கரால், சாணளவு பெரிசாக, கேனப்பியின் ஓரத்து மஞ்சள் பட்டையில் அவள் எழுதிவிட்டாள்: 138.

"அய்யோ அக்கா!"

"இன்னாம்மா? அளந்தா எழுதணுமில்ல?"

"அழியுமா?"

"தோலைத் தண்ணியில ஊறப் போட்டு உருட்டினாலே அழியாது," என்று முத்துமாரி பெருமையாகச் சொல்லிவிட்டு மார்க்கரைத் துணி மேலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கப் பார்க்க நடுவிலிருந்த மூன்று கவிப்ரியாவுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி தெரிந்தது. இடது பக்கம் இரண்டே இரண்டு வளைவு போட்டால் வாய் மூடிக்கொள்ளும். நூற்று எண்பத்தெட்டு!

"ஜஹீ, இந்த மூடியப் புடி."

"ஏய், இன்னா பண்றே? தோல்ல அரை அடி கூட்டிச் சொன்னாலே மாமா கணக்கு முடிச்சு அனுப்பிடுவாரு. நீ அம்பது அடி கூட்றே!"

"நான் யாருக்குடி விக்கப் போறேன்? எனக்கு நானேதானே?"

"அப்ப உன்னை நீயே ஏமாத்துறே."

"ஆமா. எனக்கு சம்மதம்."

சொல்லிவிட்டு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துச் சிரித்து ஜஹீதாவுக்கு விக்கல் வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வளைவு இரண்டும் விழுந்தன. கவிப்ரியா படம் எடுத்து அனுப்பினாள். கங்காதரனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. பின்னாலேயே ஒரு கேள்வி: பிரியாணி?

கிளப்பின் வழக்கம் அது. எதை முதல் தடவையாகச் செய்தாலும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். முதல் குதி, முதல் சொந்தக் கேனப்பி, முதல் முறையாக உட்காராமல் நின்றபடியே இறங்குவது, எல்லாவற்றுக்கும். அந்தக் கடைசி பிரியாணியைக் கவிப்ரியா இன்னும் தரவில்லை. அவள் இறங்கினால் பின்புறத்தால்தான் இறங்குவாள்.

மறுநாள் காலை ஆம்பூர் பஸ்ஸில் ஒரு மடியில் கேனப்பிப் பை, இன்னொரு மடியில் பிரியாணி அண்டா. அண்டாவுக்குக் காவலாக ஜஹீதாவும் முதல் தடவையாகக் குதிக்கிற இடத்தைப் பார்க்க வந்திருந்தாள். பை கவிப்ரியாவே மடித்துக் கட்டியது. ஓடுதளத்தில் எல்லோரும் பாயில் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். காற்றுமானி சோம்பலாகச் சுற்றியது. வானம் கழுவிவிட்ட மாதிரி. கவிப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது கங்காதரன் நீலக் கேனப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எலி. கயிறு மூணைக் கடிச்சு வச்சிருக்கு."

"அய்யய்யோ, அப்ப நானு?" என்று எழுந்து உட்கார்ந்தாள் ஹரிணி. குடியாத்தத்தில் லுங்கித் தறிக்காரர் மகள், கல்லூரிப் பெண். கிளப்பிலேயே புதுசு, ஒன்பது தடவைதான் குதித்திருந்தாள். இன்று பத்தாவது. மறுநாளிலிருந்து பரீட்சை என்பதால் இன்றை விட்டால் ஒரு மாசம் ஆகும். பந்தலைக் கனத்த உடம்புக்காரர் செந்தில்குமார் மாட்டிக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

கங்காதரன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கவிப்ரியா பக்கம் திரும்பினார்.

"உன்னுது நூத்தி எண்பத்தெட்டுதானே? நீலமும் கிட்டத்தட்ட அதேதான். இந்த ஒரு லோடுக்கு ஹரிணிக்குக் குடு. நீ அடுத்த லோடுல போ."

"அக்காஆ!" என்று ஹரிணி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "புதுசக் குடுக்கிறதுக்கு உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுக்கா!"

கவிப்ரியா பையை எடுத்தாள். ஹரிணியின் முதுகில் மாட்டினாள். கால் பட்டையை இழுத்தாள். கை பழக்கத்தில் வேலை செய்தது. தலைக்குள் மட்டும் டேனரி மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி, எரிகிற எண்.

"அக்கா, பை செம குட்டியா இருக்கு. நீலம் முதுகுல ஏறினா மூட்டை தூக்குற மாதிரி இருக்கும். இது இருக்கறதே தெரியல. நான் இதுலயே தரைக்குப் பக்கத்துல ஒரு சுத்து சுத்தி இறங்கட்டா? ராமலிங்கம் அண்ணன்கிட்ட பத்துக்குப் பத்து வாங்கணும்."

நாற்காலியிலிருந்து ராமலிங்கம் கையாட்டினார். கையாட்டிய வேகத்தில் கைத்தடி சாய்ந்து விழுந்தது.

எனக்கு நானே என்றுதானே சொன்னேன், என்று கவிப்ரியா நினைத்தாள். அந்தக் கணக்கில் இந்தப் பெண் எங்கே இருந்தாள்?

"கழட்டு," என்றாள்.

"என்னக்கா?"

"கழட்டுடி! கழட்டுன்னா கழட்டு!"

பட்டையை அவளே பிடுங்கினாள். பாயிலிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். விமானத்தின் சத்தத்துக்கு மேல் கேட்பதற்காக அவள் கத்தவேண்டியிருந்தது. அதனால் ஒப்புக்கொண்டது ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"அது எட்டு இல்ல சார்! மூணு! நூத்தி முப்பத்தெட்டு! நான்தான் மாத்தினேன்!"

கங்காதரன் அவளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். ஹரிணியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "கூட யார்?"

ஜஹீதா மெல்லக் கையைத் தூக்கினாள். "நான் மார்க்கர் மூடிய மட்டும்தான் புடிச்சிருந்தேன் சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கங்காதரன் சிரிக்கவில்லை. "ஹரிணி, உக்காரு. செந்தில் எறங்கினதும் நீ பந்தல்ல போ." கவிப்ரியாவிடம் கையை நீட்டினார். "இதக் குடு." பையைத் தன் முதுகில் மாட்டி, பட்டைகளைத் தன் அளவுக்கு இழுத்து, கொக்கி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தட்டிப் பார்த்து, விமானத்தில் ஏறிப் போய்விட்டார். ஆயிரக்கணக்கில் குதித்தவர். ஆனாலும் கவிப்ரியா அவர் வெளியே விழுகிற வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பு விரிந்தது. கீழிருந்தே எண் தெரிந்தது, 188 என்று, பொய் வானத்தில் எழுதி ஒட்டின மாதிரி. அடுத்த நிமிஷம் அது சாய்ந்தது. பந்தலில் செந்தில்குமார் இன்னும் மேலே அசைந்தாடிக்கொண்டிருக்க, கங்காதரன் கருடன் மாதிரி இறங்கினார். சர்ரென்று பாய்க்கு மேலே வந்தார். எல்லோரும் குப்புற விழுந்தார்கள். ஜஹீதா "யா அல்லா!" என்று அண்டாவைக் கட்டிக்கொண்டாள். வெங்காயப் பச்சடித் தட்டு பறந்தது. கங்காதரன் புல்லை உரசிக்கொண்டே போய்ப் போய், ஓடுதளத்தைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைக்குள் ஓடி நின்றார்.

ஹரிணி தலையைத் தூக்கி மெதுவாக, "நான் இதுலயா போறதா இருந்தேன்?" என்றாள்.

கங்காதரன் திரும்பி வந்தார். தலையில் கடலைச் செடி. முகமோ சின்னப் பையன் முகம்.

"அடேயப்பா! இன்னா விங்கு இது! தொட்டா திரும்புது!" சட்டென்று தன் பதவி நினைவுக்கு வந்து குரலைக் கனமாக்கினார். "கவிப்ரியா, நூறு முடியிற வரைக்கும் இது என் பீரோவுல இருக்கும். நீ பந்தல்லதான் வருவே. இன்னிலேர்ந்து."

"சரி சார்." அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கிளப்பை விட்டே போகச் சொல்லிவிடுவாரோ என்றல்லவா நினைத்திருந்தாள்!

"சும்மா பூட்டி வச்சா துணி பாழாயிடும். அப்பப்ப யாராவது ஓட்டணும்."

"யாரு சார்?"

"பாக்கலாம்," என்றார் கங்காதரன் வானத்தைப் பார்த்தபடி.

ஹரிணி பந்தலில் பத்தாவதை முடித்துப் பத்திரமாக உட்கார்ந்து இறங்கினாள். அதற்குப் பிறகு மத்தியான லோடில் கவிப்ரியா குதித்தாள். பந்தல் விரிந்தது. விரிந்து அப்படியே நின்றது. காற்று எதிரே வீச, அவள் முன்னாலும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கினாள். பாலாற்று மணல் மின்னியது. ஹைவேயில் லாரிகள் எறும்பாய்ப் போயின. கீழே பாயில் அண்டாவின் மூடியைத் திறப்பது தெரிந்தது. முதல் பொய்க்கும் சேர்த்து என்று தீர்ப்பாகிவிட்ட பிரியாணி.

"சீக்கிரம் வாடீ! கறி தீருது!" ஜஹீதாவின் குரல் காற்றில் ஏறி வந்தது.

"வர்றேன்! வரமாட்டேங்குது!" என்று கத்தினாள் கவிப்ரியா. கத்தியதும் சிரிப்பு வந்தது. தனியாக, ஆகாயத்தில், காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள். ஜஹீதா நல்லி எலும்பு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். கவிப்ரியாவுக்குக் கண்ணெல்லாம் அந்த நல்லியில்தான். நிதானமாகப் பிரேக் கயிற்றை இழுத்தாள். இழுத்துக்கொண்டே வந்தாள். பந்தல் அவளைப் பாயின் ஓரத்தில் பூவைப் போல வைத்தது.

இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லோரும் வாயில் கவளத்தோடு பார்த்தார்கள். அவளும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ராமலிங்கம் ஏழு விரலைக் காட்டினார். யோசித்துவிட்டு எட்டாவதையும் நீட்டினார்.

"நின்னுட்டா!" ஜஹீதா நல்லியோடு துள்ளி எழுந்தாள். "முதல் தடவை! அடுத்த ஞாயிறு இன்னொரு அண்டா!"