கருவாடு வைத்தவன்

கடுக்காய் மூன்றாவது முறையாகச் சுருண்டு விழுந்த அன்று கலையரசிக்கு ஊரில் ஒரே ஒருவன் மேல்தான் சந்தேகம் இருந்தது. மற்றவர்கள் மேலெல்லாம் அதற்கு முன்பே சந்தேகப்பட்டு முடித்துவிட்டாள்.

கடுக்காய் என்பது அவள் வளர்க்கும் நாய். நாய்க்கு வைக்கிற பெயரா இது என்று நைனார்பாளையமே சிரித்தது. நிறம் அப்படி, அவள் என்ன செய்வாள்? புருஷன் சுபாஷ் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கும் வண்டி ஓட்டுகிறவன். பங்குனியில் ஒருநாள் அவளும் கூடப் போயிருந்தாள். வெள்ளிமலைக்குப் போகும் வழியில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கழுத்து மாட்டிக்கொண்டு கிடந்தது இது. கிழங்குக் காட்டுக்காரர் ராமன் கம்பியை அறுத்துவிட்டார்.

"வேணும்னா எடுத்துக்கினு போங்கம்மா. இங்க யாரும் இத வெச்சிக்க மாட்டாங்க" என்றார்.

உலகத்தில் எல்லாரையும் ஏன், எதற்கு என்று குடைகிற கலையரசி அன்றைக்குப் பார்த்து ஏன் என்று கேட்கவில்லை. வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மகள் சேலத்துக்குப் படிக்கப் போய்விட்டாள், சுபாஷ் பாதி நாள் மலையிலேயே கிடப்பான். கேட் சத்தம் கேட்டால் ஓடிவந்து நிற்க அந்த வீட்டில் கடுக்காய் மட்டும்தான் இருந்தது. அதன் மேல் அவளுக்கு உயிர்.

பக்கத்து வீடு தங்கமணியுடையது. மொபெட்டில் கூடை கட்டி ஊர் ஊராகக் கருவாடு விற்கிற மனுஷன். பத்துப் பன்னிரண்டு கோழியும் வளர்த்தான். ஆடி பிறந்ததும் கடுக்காய் வேலியில் நுழைந்து அவனுடைய வெடக்கோழி ஒன்றைக் கவ்விவிட்டது. தங்கமணி டீக்கடையில் நாலு பேர் கேட்கும்படி சொன்னான்.

"எழுதி வெச்சிக்கோங்க, இந்த நாயி வர்ற பொங்கலப் பாக்காது."

எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னால் எழுதி வைக்காமல் விடுகிறவளா கலையரசி? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். முதல் பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தேதியோடு எழுதினாள்.

அது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மறுநாள் கடுக்காய் வாந்தி எடுத்தது. பின்னங்கால் இரண்டும் மடங்கிவிட்டன. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. சின்னசேலத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் குளுக்கோஸ் ஏற்றினார். சாயங்காலமே எழுந்து வாலாட்டியது.

"எதையோ தின்னுருக்கும்மா" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? மறுநாளே வேலியோரம் மோப்பம் பிடிக்கப் போனாள் கலையரசி. கிளுவை வேலியின் ஓட்டையில், அவள் பக்கத்து மண்ணில், கருவாட்டுத் தலை கிடந்தது. அடுத்த நாள் ஒன்று. அதற்கு அடுத்த நாள் இரண்டு. நாய்க்கு மருந்து வைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் எதில் வைப்பார்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கருவாட்டில்தான் வைப்பார்கள்.

பொறுக்கி எறிந்து பார்த்தாள். அவள் எழுந்திருக்கும் முன்பே கடுக்காய் போய்த் தின்றுவிட்டு, மண்ணையும் நக்கிக்கொண்டிருந்தது. கட்டிப் போட்டால் ஊளையிட்டே வீட்டைக் கூட்டியது. அப்படி என்ன ருசியைக் கலந்து வைக்கிறான் பாவி என்று அவளுக்கு வயிறு எரிந்தது. நோட்டில் தினமும் எழுதினாள். 'கருவாடு கிடந்தது. நாய் தின்றது.' 'இன்றும் கிடந்தது.' 'தங்கமணி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.' 'தங்கமணி சிரித்தான்.' முகத்தைத் திருப்பினாலும் குற்றம், சிரித்தாலும் குற்றம்.

தீபாவளிக்குத் தங்கமணி வீட்டு வாசலில் சரவெடி. மறுநாள் விடியும்போது கடுக்காய் மறுபடி விழுந்தது. மறுபடி குளுக்கோஸ், மறுபடி சாயங்காலம் வாலாட்டல். ஆனால் முதுகெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

"அவன் கொஞ்சம் கொஞ்சமா வெச்சி கொல்றான்ங்க" என்றாள் சுபாஷிடம்.

"கொல்றவன் ஒரேடியா வெச்சிட்டுப் போவான். இம்மா நாளு இழுப்பானா?" என்றான் சுபாஷ்.

"கொழுப்புங்க அவனுக்கு. நான் துடிக்கிறதப் பாக்கணும்."

போலீஸில் சொன்னால் நாய் விஷயமா என்பார்கள். அதனால் அவள் பெரிய இடத்துக்கே போனாள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். குறையைக் காகிதத்தில் எழுதிச் சாமியிடம் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வந்தால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு. தீர்ந்ததும் திரும்பப் போய், பிராதை வாபஸ் வாங்கிக்கொள்வதாக ராஜினாமா கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்றுகூடக் கேட்டுக்கொள்வார்கள். சாமி அவ்வளவு தூரம் வர வேண்டுமல்லவா?

கலையரசி இரண்டு பக்கம் எழுதினாள். கருவாடு வைத்த கை விளங்காமல் போக வேண்டும். அவன் வியாபாரம் படுத்துவிட வேண்டும். அவன் வாசலில் கோழி கூவக் கூடாது. இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதினாள். கட்டிவிட்டு வந்து, பூக்காரப் பெரியநாயகி காதில் மட்டும் போட்டாள். அது போதும், மைக் செட் வைத்த மாதிரிதான்.

மறுநாள் காலையில் தங்கமணி வேலி ஓட்டையில் முள்ளை வெட்டிச் சொருகிக்கொண்டிருந்தான். கருவாட்டுத் தலை நின்றுபோனது. பார்த்தீர்களா, குற்றம் செய்தவனுக்குத்தானே பயம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அந்த வாரமே பெரியநாயகி ஒரு சேதி கொண்டுவந்தாள். தங்கமணியை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தார்களாம். நெற்றி நிறைய விபூதியாம்.

"எதிர்ப்பிராது கட்டிட்டான்டி. உன் பேர்லதான் இருக்கும்" என்றாள் பெரியநாயகி.

கலையரசி அதையும் நோட்டில் எழுதினாள். தங்கமணி வேலியை அடைத்த பன்னிரண்டாம் நாள் காலையில், வெடியும் இல்லை, மேளமும் இல்லை, கடுக்காய் தானாகச் சுருண்டு விழுந்தது. இந்தத் தடவை ஈறு வெளுத்துப்போய், கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது. அவன் பிராது பலித்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

சுபாஷ் மலைக்குப் போயிருந்தான். அவள் வாடகைக்கு ஆட்டோ பிடித்து, நாயை மடியில் போட்டுக்கொண்டு தலைவாசல் பக்கம் இருக்கிற கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு டாக்டர், சின்னப் பெண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டதும் புருவத்தைச் சுருக்கினாள்.

"இந்த நிலமையில நெஞ்சு வேகமா அடிக்கணும். இது ரொம்ப மெதுவா அடிக்குது" என்று சொல்லி ரத்தம் எடுத்தாள். பாட்டிலை ஏற்றிவிட்டாள்.

"இன்னா வெஷம்னு மட்டும் எழுதிக் குடுங்க டாக்டரம்மா, மீதிய நான் பாத்துக்கறேன்."

ரத்த முடிவு வந்தது. "வெஷம் மாதிரி தெரியலம்மா" என்றாள் டாக்டர். "உப்புச் சத்து ரொம்பக் கம்மியா இருக்கு. பொட்டாசியம் ஏறியிருக்கு."

விஷம் இல்லையா? தங்கமணியின் கை தலைவாசல் வரைக்கும் நீண்டிருக்குமோ என்று ஒரு நொடி அந்தப் பெண்ணையே சந்தேகமாகப் பார்த்தாள் கலையரசி. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜை மேல் போட்டாள். "நீங்களே படிச்சிப் பாருங்க."

டாக்டர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தவள் உட்கார்ந்துவிட்டாள். முதலில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. போகப் போகச் சிரிப்புப் போய்விட்டது.

"மொத தடவ திருவிழா மேளம். ரெண்டாவது சரவெடி. ரெண்டுமே நாய் பயந்த நாளு" என்றாள். "இது இங்க வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

சுபாஷுக்குப் போன் போட்டாள் கலையரசி. நல்லவேளையாக அவன் ராமன் காட்டிலேயேதான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். போனை வாங்கி ராமன் பேசினார். ஸ்பீக்கரில் டாக்டரும் கேட்டாள்.

"அது அப்பவே அப்படித்தாம்மா. இடி இடிச்சா சுருண்டு வுழுந்துரும். அதான் யாரும் வெச்சிக்கல. எங்க வூட்டு மாட்டு உப்பு மூட்டயத்தான் எந்நேரமும் நக்கிக்கினு கெடக்கும்."

டாக்டர் போனைக் காட்டி, "உப்பா?" என்றாள். நோட்டைத் திருப்பிக் கருவாடு கிடந்த பக்கங்களுக்கு வந்தாள். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, இதற்கு அது வேலை செய்யவில்லை போலிருக்கிறது, அடிசன் நோய் என்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். அது இல்லாவிட்டால் உடம்பில் உப்பு தங்காது, அதிர்ச்சியைத் தாங்கவும் முடியாது. இன்னொரு ஊசி போட்டு, முன்னும் பின்னும் ரத்தம் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆயுசுக்கும் மாத்திரை கொடுத்தால் நன்றாக இருக்கும்.

"குளுக்கோஸ்னு நீங்க சொல்றீங்களே, அந்தப் பாட்டில்ல இருக்கறதும் உப்புத் தண்ணிதான். அதான் ஒவ்வொரு தடவையும் எழுந்துக்கிச்சு."

"அப்ப கருவாடு?"

"நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்கம்மா. கருவாடு கெடந்த நாள்ல, அந்த வெடி நாளத் தவிர, நாய் நடமாடிக்கிட்டுதான் இருந்திருக்கு. அது நின்ன பன்னெண்டு நாள்ல இந்த நிலமைக்கு வந்துருச்சு. இந்தத் தங்கமணி யாருன்னு தெரியல, இவ்வளவு நாள் இதைத் தாக்காட்டி வெச்சிருந்தது அவருதான்."

கலையரசி நோட்டை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அடியில் போட்ட இரண்டு கோடும் அவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இரண்டாவது சோதனையும் அதையே சொன்னது. நான்காம் நாள் கடுக்காய் தன் காலால் நடந்து ஆட்டோவில் ஏறியது. வீட்டு வாசலில் இறக்கியதும் அது நேராகப் போன இடம் தங்கமணி வீடு. பின்னாலேயே அவளும் போனாள். தங்கமணி மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வெஷம் இல்லியாம்."

"எனுக்கு அது மொதல்லயே தெரியும்." அவன் கயிற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

"நீங்க போட்ட கருவாட்டு உப்புலதான் அதுக்கு உசுரு நின்னுச்சாம். டாக்டரம்மா சொன்னாங்க."

கயிறு இழுத்த கை நின்றது. "நெசமாவா?" என்றான். பிறகு சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டான். "நான் ஒண்ணும் புண்ணியத்துக்குப் போடல. அதப் போட்டா அது கோழி பக்கம் வரல, அவ்ளோதான்."

"அப்புறம் ஏண்ணே நிறுத்துனீங்க?"

"நீ பிராது கட்டிட்டு வந்துட்ட. இனி அது தும்முனாக்கூட நான்தான்னு சொல்லுவ. எனுக்கு இன்னாத்துக்கு வம்பு?"

நாயைச் சாகக் கொடுக்கப் பார்த்தது யார் என்று இனிமேல் நோட்டில் தேட வேண்டியதில்லை. போய் ராஜினாமா கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னாள். ஆனாலும் கலையரசி கலையரசிதானே. பாதி தூரம் போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்களும் ஒண்ணு கட்டிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்க. என் பேர்ல இன்னா எழுதுனீங்கண்ணே?"

"உன் பேரே எழுதல."

"பின்ன?"

தங்கமணி கடுக்காயைப் பார்த்தான். அது கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பக்கத்து வூட்டு நாயி பொழைக்கணும்னு எழுதுனேன். அது செத்துப்போச்சுன்னா நான்தான் கொன்னேன்னு கடைசி வரைக்கும் ஆயிடும். எப்பிடியாவது காப்பாத்திக் குடு சாமின்னு கட்டிட்டு வந்தேன். ஒரே வரிதான். எனுக்கு அவ்ளோதான் எழுத வரும்."

கலையரசி தன் இரண்டு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். கை, வியாபாரம், கோழி எல்லாம் இருந்தது. ஓரத்தில் எழுதியதையும் தேடினாள். கடுக்காய் பிழைக்க வேண்டும் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. தன் உயிரையே வைத்திருந்த நாய்க்காக அவள் சாமியிடம் ஒன்றுமே கேட்கவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் கண் கரித்தது.

தங்கமணி கூடைக்குள் கைவிட்டு ஒரு கருவாட்டுத் தலையை எடுத்தான். உடனே போட்டுவிடவில்லை. கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"போடட்டா?"

"போடுங்கண்ணே" என்றாள்.