திரும்பிப் பார்த்தவள்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் மறுபடியும் நீர் கோத்துவிட்டது. அனுசுயா முந்தானையால் துடைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், கால்மாட்டில் குவிந்து கிடந்த மாலைகளைப் பார்த்துக்கொண்டே துடைத்தாள்.

"அக்கா, வண்டி வந்தாச்சு. குடம் யாரு தூக்குறது?" என்று கேட்டான் பெரியப்பா மகன் சுரேஷ்குமார்.

"நீயே தூக்குடா."

"பெத்த பொண்ணு நீங்க இருக்கீங்களேக்கா."

"என்னைய அவரு எதுல சேத்துக்கிட்டாரு, நான் இதுல சேர?"

சுவரில் சாய்ந்திருந்த அம்மா தலைதூக்கினாள். "இன்னிக்காவது விடுடி."

அப்பா தர்மராஜ், கல்லூரியில் முப்பது வருடம் உடற்கல்வி இயக்குநர். மைதானத்துக்குத் தண்ணீர் லாரி, போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ரயில் டிக்கெட், அதற்காக முதல்வரோடு சண்டை, எல்லாம் அவர் தலையில்தான். அனுசுயாவும் அங்கேதான் படித்தாள். நானூறு மீட்டர் ஓடினாள். பல்கலைக்கழகப் போட்டிக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலையில் தேர்வு ஓட்டம் நடந்தது. எல்லைக்கோட்டை முதலில் தாண்டியது தான்தான் என்று இன்றுவரை நம்புகிறாள். அப்பா மைக்கில் சொன்னதோ, கூட ஓடிய ஜூனியர் இர்பானாவின் பெயரை.

"மகளுக்குக் குடுத்துட்டாருன்னு நாலு பேரு பேசுவாங்கன்னு பயந்துட்டாருடி" என்று அன்று அம்மா தேற்றினாள். பக்கத்தில் நின்ற அப்பா மறுக்கவில்லை.

அதோடு ஸ்பைக்ஸ் ஷூவைப் பரணில் போட்டாள். அப்பாவோடு பேச்சு சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மட்டும் என்றாயிற்று. போன வாரம் ஆஸ்பத்திரியில் அவர் இவளைப் பார்த்துக் கையை நீட்டினார். நர்ஸைக் கூப்பிடும் சாக்கில் வெளியே போய்விட்டாள்.

வாசல் பந்தலில் அவருடைய பழைய மாணவர்கள், தொந்தியும் நரையுமாக, யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றிருந்தார்கள்.

"வயித்த உள்ள இழுடா அழகிரி. சார் எழுந்தா பத்து ரவுண்டு" என்றார் ஒருவர். சிரிக்கப் போன அழகிரிக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்களைத் தாண்டி இர்பானா வந்தாள். விளையாட்டுக் கோட்டாவில் போலீஸில் சேர்ந்து இன்ஸ்பெக்டர் ஆனவள். பெட்டியருகே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு அனுசுயாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது வாசல் வரைக்கும் கேட்டுச்சுக்கா."

"கேக்கட்டும்."

"சார் சொல்லக்கூடாதுன்னாரு. இனி கோவிச்சுக்க மாட்டாரு." இர்பானா குரலைத் தாழ்த்தினாள். "கடைசி பத்து மீட்டர்ல, நான் எங்க வர்றேன்னு நீங்க திரும்பிப் பாத்தீங்க. அதுக்குள்ள நான் முந்திக் கோட்டுல நெஞ்சு குடுத்துட்டேன். அப்புறம் வந்த பிள்ளைங்க எல்லாருக்கும் அதத்தான் பாடமா சொல்லுவாரு. உங்க பேர மட்டும் சொல்ல மாட்டாரு."

அனுசுயாவின் கை கண்ணாடிமேல் நின்றது. "வீட்ல சொன்னதே இல்லியே."

"நானும் கேட்டேன். 'தோத்துட்டேன்னு தெரிஞ்சா ஒடஞ்சிருவா. அப்பன் மோசம்னு நெனச்சா நிமிந்து நிப்பா. விடும்மா'ன்னாரு."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அனுசுயா குனிந்து முதல்முறையாகப் பெட்டிக்குள் பார்த்தாள். தாடையை உச்சந்தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியில் மறுபடி நீர் கோத்து முகம் மறைந்தது.

"சுரேஷ், குடத்த எங்கிட்ட குடு."

ஓயாமரி சுடுகாட்டில் வெயில் சாய்ந்திருந்தது. தோளில் குடத்தோடு சிதையைச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டியான் மூக்கன் அரிவாள் முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்து புடவை காலோடு ஒட்டியது. மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்னால் நழுவவிட்டாள். உடைந்தது. முதுகைக் காட்டியபடியே கொள்ளியை வைத்தாள்.

"அவ்வளவுதாம்மா. திரும்பிப் பாக்காம நேரா போங்க" என்றார் மூக்கன்.

நடந்தாள். பின்னால் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. கழுத்து நரம்பு இழுத்தது. ஆற்றுக்கு அக்கரையில் தெரிந்த ஸ்ரீரங்கம் கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கேட்டருகே நின்றிருந்த இர்பானா, பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அனுசுயா நிற்கவில்லை. நெஞ்சை முன்னே கொடுத்துக் கேட்டைக் கடந்தாள். சாலையின் சூடான தாரில், அவள் போன வழியெல்லாம் புடவைத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று.