தியேட்டர் திறக்காது

மூன்றாவது நோயாளியின் தையலிலும் பச்சைச் சீழ் கண்ட அன்று, பஸ்மியா தியேட்டரைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் பொறுப்பான தாதி அவள். கத்தரிக்கோல் அவிப்பதிலிருந்து நிலம் துடைப்பது வரைக்கும் அவளுடைய கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது.

அப்படியிருந்தும் இந்தச் சீழின் மூலம் பிடிபடவில்லை. சுவர், விளக்கு, மேசை என்று ஒவ்வொன்றாகப் பஞ்சால் ஒற்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். எல்லாம் சுத்தம் என்றே வந்தது. டொக்டர்மார் கை கழுவுகிற குழாய்த் தண்ணீரில்தான் கிருமி வளர்ந்திருந்தது. ஆனால் மேலே தாங்கியில் இருந்த தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. தாங்கிக்கும் குழாய்வாய்க்கும் இடையில், மண்ணுக்குள் ஏதோ நடக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் முத்தலிப் ஹாஜியார் தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, நாளைக்கு ஒப்பரேஷன் இரிக்கி. கதவத் திறங்க."

"ஏலாது ஹாஜியார். நிலத்துக்குக் கீழ போற குழாயப் பாக்கோணும்."

"அதுக்கு மேலதானே வாகனம் நிப்பாட்டுற இடத்துக்குக் கல்லுப் பதிச்சிரிக்கி. ஒடைக்கச் சொல்றீங்களா? குளோரினக் கூடப் போடுங்க, சரி வரும்."

"போட்டுப் பாத்தாச்சு. கிருமி திரும்பி வந்திட்டுது."

"இது ஆர்ர ஆஸ்பத்திரி?"

"உங்கட ஆஸ்பத்திரிதான். வெட்டுற உடம்பு உங்கட இல்லையே."

பக்கத்தில் நின்ற தாதிப் பிள்ளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். ஹாஜியாரின் முகம் கறுத்தது. ஆனாலும் பஸ்மியா பைக்குள் திறப்பைப் பிடித்திருந்த கையை வெளியே எடுக்கவில்லை.

"ஒடைக்காமலே பாக்கலாம்" என்றாள். "எங்கட வீட்டுக்காரர் பாத்துத் தருவார்."

அவளுடைய கணவன் நிப்றாஸுக்கு, சீனக்குடாப் பக்கம் மண்ணுக்குள் கிடக்கும் எண்ணெய்க் குழாய்களைப் பரிசோதிக்கிற கம்பனியில் வேலை. தன் மேலதிகாரியிடம் கேட்டு, ஒடுங்கிய குழாய்க்குள் விடுகிற கமராவைக் கொண்டுவந்தான். விரல் தடிப்புத்தான் இருக்கும். பின்னால் நீளமான வயர். தண்ணீரை நிறுத்தி, கை கழுவும் இடத்துக் குழாயைக் கழற்றி, அதற்குள்ளால் மெல்ல மெல்லத் தள்ளினான். ஹாஜியார் கதிரையைக் கமராவின் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் வெறும் துரு. பிறகு வழுவழுவென்று பாசி. ஒரு பொருத்தில் குழாய் வாய் பிளந்து கிடந்தது. அந்தப் பிளவுக்குள்ளால் வேர் நுழைந்திருந்தது, வேரோடு கறுப்புத் தண்ணீரும் கசிந்தது. நிப்றாஸ் வெளியே போய், கமரா அனுப்பும் சமிக்ஞையைப் பிடிக்கிற கருவியைக் கற்களுக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தான். கக்கூஸ் குழி மூடிக்குப் பக்கத்தில் அது விடாமல் கத்தியது.

"தாங்கியில தண்ணி முடியிற நேரம் குழாய்க்குள்ள அமுக்கம் குறையுது" என்றான் திரும்பி வந்து. "அப்ப வெளியில ஊறிக் கிடக்கிறத உள்ளுக்கு இழுக்குது."

ஹாஜியார் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"குழாய மாத்துவம். ஆனா இந்தக் கதை வெளியில போகப்படாது" என்றார்.

பஸ்மியா வார்ட்டுக்கு நடந்தாள். அங்கே மூன்றாவதாகச் சீழ் வைத்தவர், சல்லிக் கிராமத்துக் கடற்தொழிலாளி சிவகுரு, காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி கிடந்தார். காயம் ஆறாததற்கு அவருடைய சீனி வருத்தம்தான் காரணம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, மனிதன் சோற்றையே பாதியாகக் குறைத்திருந்தார்.

"ஐயா, உங்கட காலில சீழ் வச்சது உங்கட பிழையில்ல. எங்கட தண்ணியில கிருமி இருந்தது."

சிவகுரு தலையைத் தூக்கி வாசல் பக்கம் ஒருக்கால் பார்த்தார்.

"இதச் சொன்னதுக்கு உங்களுக்கு ஒண்டும் வராதோ, மிஸ்?"

"வரும். வரட்டும்."

வந்தது. அடுத்த நாளே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹாஜியார் அவளைக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்புக் கேட்டா நான் மறந்திடுவன்" என்றார்.

"கேக்க வேண்டியது சிவகுரு ஐயாட்ட. நீங்கதான் கேக்கோணும்."

அவள் நேரே சுகாதார அலுவலகத்துக்குப் போய், கமராவில் பதிந்ததைப் போட்டுக் காட்டினாள். வந்து பார்த்தவர்கள், புதுக் குழாய் போட்டுத் தண்ணீர் பரிசோதனையில் தேறும் வரைக்கும் தியேட்டரைத் திறக்கக் கூடாது என்றார்கள். பதித்த கல்லெல்லாம் கிளம்பியது. சிவகுருவுக்கு ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது, கால் தப்பியது. ஹாஜியார் அவரிடம் போகவேயில்லை.

பஸ்மியாவும் அந்த ஆஸ்பத்திரிப் படியைத் திரும்ப மிதிக்கவில்லை. சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு, கிண்ணியாவில் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முதல் நாள் தியேட்டரைச் சுற்றிக் காட்டிய டொக்டர், புது விளக்கையும் மேசையையும் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் வடிவாயிருக்கு, டொக்டர்" என்றாள் பஸ்மியா. "தண்ணிக் குழாய் எந்தப் பக்கத்தால வருது?"